டேங்க் கவரில் இருக்கும் மாத்திரை

கேள்வி: எனக்கு வயது 51. எட்டு வருடமாக சுகர். தாம்பத்தியத்தில் சிக்கல் என்பதால், நண்பர் சொல்லி சில்டெனாஃபில் 100 போடுகிறேன். ஒரு மணி நேரத்தில் டியூப்லைட் நீலமாகத் தெரிகிறது, கண் கூசுகிறது. இதற்குச் சொட்டு மருந்து உண்டா? (மாத்திரையை பைக் டேங்க் கவரில்தான் வைத்திருக்கிறேன், மனைவிக்குத் தெரியாது.)
- பெயர் வேண்டாம், குடியாத்தம்

பதில்: சொட்டு மருந்தெல்லாம் வேண்டாம் தம்பி. ரத்தக் குழாயைத் தளர்த்துகிற இந்த மாத்திரை விழித்திரையில் உள்ள ஒரு நொதியையும் கொஞ்சம் தடுக்கிறது. அதனால்தான் நீலமும் கூச்சமும். சில மணி நேரத்தில் தானாகப் போய்விடும். அளவு கூடினால் இதுவும் கூடும். 25, 50 என்றெல்லாம் இருக்கும்போது எடுத்த எடுப்பில் 100 போடச் சொல்ல உங்கள் நண்பர் என்ன டாக்டரா? அந்த நேரத்தில் வண்டியைத் தொடாதீர்கள். ஒரு கண்ணில் திடீரென்று பார்வை போனால், வலிக்கவில்லையே என்று விடியும்வரை காத்திருக்காதீர்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அரிதாக வருவதுதான், ஆனால் சுகர்காரர்களுக்கு ஆபத்து கூடுதல்.

என்னை உறுத்துவது அந்த டேங்க் கவர். நம் வேலூர் வெயிலில் கொதிக்கிற பைக்கிலா மருந்தை வைப்பது? அதுகூடப் போகட்டும். நடு ராத்திரி உங்களுக்கு நெஞ்சு வலித்தால், ஆட்டோ பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடப்போவது உங்கள் மனைவிதான். என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று டாக்டர் கேட்பார். "சுகர் மாத்திரை மட்டும்தான் சார்" என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்வார். அதை நம்பி நாக்குக்கடியில் நெஞ்சு வலிக்கான சார்பிட்ரேட் மாத்திரையை வைத்தால், இரண்டும் சேர்ந்து பிரஷர் தடாலென்று இறங்கி உயிரே போகலாம். தன் வாயால் சொன்னதை நினைத்து அவர் ஆயுளுக்கும் அழ வேண்டுமா?

அவருக்கும் சேர்த்துத்தானே இந்த மாத்திரை? தெரிந்தால் மட்டமாக நினைப்பார் என்று பயப்படுகிறீர்கள். காரணம் சொல்லாமல் நீங்கள் விலகிப் படுத்த நாட்களில் அவர் தன்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார்? கட்டியவளிடம் உடம்பை மறைப்பது கௌரவம் இல்லை, துரோகம்.

இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் சொல்லிவிடுங்கள். அப்புறம் இரண்டு பேருமாக சுகர் டாக்டரைப் பாருங்கள். அதுவரை மாத்திரை வேண்டாம். சுகர்காரர்களுக்கு இந்தச் சிக்கல் பல சமயம் ரத்தக் குழாய் கெடுவதன் அறிகுறி, அதனால் இதயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். வேலூர் ஆரணி ரோடு ஷெல் கண் ஆஸ்பத்திரியில் விழித்திரையைக் காட்டுங்கள். கண் பாப்பாவை விரிக்கச் சொட்டு விடுவார்கள், சில மணி நேரம் மங்கலாகத்தான் தெரியும். பஸ்ஸிலேயே போங்கள், அவர் கையைப் பிடித்துக் கூட்டி வருவார்.