லாரி: லீஸா, சொந்தமா?

கேள்வி: கையில் 6 லட்சம் இருக்கிறது. 36 லட்ச ரூபாய் லாரியைக் கடனில் வாங்கலாமா, மாத வாடகைக்கு லீஸ் எடுக்கலாமா? எதில் ஆபத்து குறைவு?
– வாசகர், நாமக்கல்

பதில்: உள்ளதையெல்லாம் முன்பணமாகக் கட்டுவதுதான் முதல் ஆபத்து. மீதி 30 லட்சத்துக்கு 11% வட்டி, 60 மாதம் என்றால் தவணை சுமார் 65,200 ரூபாய். வட்டி மட்டுமே 9 லட்சத்தைத் தாண்டும். டீசலும் டோலும் உடனே ரொக்கம். லோடு வாடகையின் பாக்கியோ ஒன்றரை, இரண்டு மாதம் கழித்துத்தான் கைக்கு வரும். அந்த இடைவெளியில்தான் தவணை தவறுகிறது. மூன்று தவணைப் பணம் தனியாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

லீஸில் நுழைவது சுலபம், வெளியேறுவதுதான் கஷ்டம். வண்டி ஓடாமல் ஷெட்டில் நின்றாலும் வாடகை ஓடும். கையெழுத்துக்கு முன் நான்கு விஷயங்களைப் பாருங்கள்: பாதியில் திருப்பினால் அபராதம் எவ்வளவு, கிலோமீட்டர் வரம்பு உண்டா, ஒப்படைக்கும்போது டயர் பட்டன் (தேயாமல் மிஞ்சிய மேல்வரி) எவ்வளவு இருக்க வேண்டும், வண்டி முழுச்சேதமானால் இன்சூரன்ஸ் தொகைக்கும் பாக்கிக்கும் உள்ள வித்தியாசம் யார் தலையில். கடைசிக் கேள்விக்கு வாய்மொழிப் பதிலை நம்பாதீர்கள்.

ஓராண்டு லோடு ஒப்பந்தம் மட்டும் கையில் இருந்தால், அதே கால அளவுக்கு லீஸ். நீங்களே ஓட்டி எட்டு வருடம் வைத்திருப்பீர்கள் என்றால் சொந்தம். பழைய வண்டி என்றால் வயதைப் பாருங்கள்: இரண்டு ஆக்சில் (சக்கர அச்சு) லாரிக்கு நேஷனல் பர்மிட், அதாவது வெளிமாநிலங்களிலும் ஓட்டும் அனுமதி, 12 வயது வரைதான். கடன் முடிந்ததும் கடன் கொடுத்தவரிடம் என்ஓசி (ஆட்சேபமில்லைச் சான்று) வாங்கி, படிவம் 35 கொடுத்து ஆர்சியில் அடமானக் குறிப்பை நீக்குங்கள். நீக்காவிட்டால் விற்கும்போது பெயர் மாறாது.