உறையில் உள்ளதை நம்பலாமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஜாஸ் இசைத்தட்டுகள் பற்றியவை. போன இதழில் ட்ரம்பெட் வித்துவான் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஒஃப் புளூ' தட்டைப் பற்றி நான் எழுதியதன் விளைவு. சரி, மற்றக் கேள்விகள் கொஞ்சம் பொறுத்திருக்கட்டும்.

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அப்பாவின் அலுமாரியில் கிடந்த அந்தத் தட்டை எடுத்துப் போட்டேன். நான் வயலின் வாசிப்பவன். கூடச் சேர்ந்து வாசித்தால் முதல் பக்கம் ஒட்டவே இல்லை, சுருதி கொஞ்சம் ஏறி நிற்கிறது. மறுகா திருப்பிப் போட்டால் இரண்டாம் பக்கம் கச்சிதமாகச் சேருகிறது. பிளேயர் பழுதா, என் காது பழுதா?
*வாசகர், கல்லடி*

இரண்டும் பழுதில்லை தம்பி, உங்கள் காதுக்கு ஒரு சபாஷ். 1959 மார்ச் 2ஆம் திகதி, நியூயோர்க்கில் கொலம்பியா கம்பனியின் 30ஆவது வீதி ஸ்டூடியோவில் முதல் பக்கத்து மூன்று உருப்படிகளையும் பதிவுசெய்தபோது பிரதான ரேப் (ஒலிநாடா) இயந்திரம் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடும் ரேப்பில் பதிந்ததைப் பிறகு சரியான வேகத்தில் போட்டால் வாசிப்பும் விரையும், சுருதியும் ஏறும். அது அப்படியே தட்டுக்கும் போய்விட்டது. மறுபக்கத்தில் உள்ள இரண்டும் ஏப்ரல் 22இல் பதிந்தவை, அன்றைக்கு இயந்திரம் ஒழுங்காக ஓடியது. முதல் நாள் காப்புக்காக இன்னொரு இயந்திரத்தையும் ஓடவிட்டிருந்தார்கள், அந்த ரேப்பை வைத்து 1992இல் திருத்தி வெளியிட்டார்கள். அதுவரை 33 வருடமாக முதல் பக்கத்து 'சோ வட்'டை உலகம் ஏறிய சுருதியில்தான் கேட்டது, அதைக் கேட்டுக் கேட்டுப் பாடம்பண்ணியவர்கள் பாவம்! உங்கள் பிளேயரில் வேகத்தைத் திருத்தும் குமிழ் இருந்தால் முதல் பக்கத்துக்கு மட்டும் ஒரு துளி குறைத்து வாசித்துப் பாருங்கள். நான் குறைப்பதில்லை, எனக்கு அந்தப் பிழையோடுதான் பழக்கம்.

அப்படியே இரண்டாம் பக்க லேபலையும் பாருங்கள். ஆரம்பத்தில் அச்சான பிரதிகளில் 'ஓல் புளூஸ்', 'ஃபிளமென்கோ ஸ்கெட்சஸ்' என்ற இரண்டு பெயர்களும் இடம்மாறிக் கிடக்கும். மாறியிருந்தால் அந்தத் தட்டை யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள்.

'கைண்ட் ஒஃப் புளூ'வில் பியானோ முழுக்க பில் எவன்ஸ் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் அதில் வரும் 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்' வாசித்தது யார்?
*ஆசிரியை, களுவாஞ்சிகுடி*

விண்டன் கெலி. அந்த ஒன்றுக்கு மட்டும் அவர்தான். பிடித்துவிட்டீர்கள் ரீச்சர், வாங்கின் மேல் ஏறி நிற்கிறேன்.

நானா, ஒரு தட்டின் உறையில் டிஸி கில்லெஸ்பி, பட் பவல், மிங்கஸ், மக்ஸ் ரோச் என்று பெரிய ஜாஸ்காரர் எல்லாரும் இருக்கிறார்கள். ஆல்டோ சக்ஸபோன் மட்டும் 'சார்லி சான்' என்று போட்டிருக்கிறது. யார் இந்தச் சீனாக்காரர்?
*வாசகர், காத்தான்குடி*

சீனாக்காரர் இல்லை தம்பி, ஆல்டோ சக்ஸபோன் மேதை சாட்சாத் சார்லி பார்க்கரேதான்! 1953 மே 15, ரொறன்ரோவின் மஸ்ஸி மண்டபம். பார்க்கர் வேறொரு கம்பனியோடு ஒப்பந்தத்தில் இருந்தார், மிங்கஸும் ரோச்சும் நடத்திய 'டெபியூ' கம்பனிக்கு அவர் பெயரைப் போட வழியில்லை. மனைவியின் பெயர் சான், படங்களில் வரும் துப்பறிவாளர் பெயரும் சார்லி சான், இரண்டும் பொருந்திவிட்டது. அன்று அவர் ஊதியது பிளாஸ்டிக் சக்ஸபோன். அதே இரவு சிக்காகோவில் மார்சியானோவுக்கும் வோல்கொட்டுக்கும் குத்துச்சண்டை, அதனால் மண்டபம் நிறையவும் இல்லை.

இன்னொரு சங்கதி. மேடையில் பதிந்தபோது பாஸ் வாத்தியம் சரியாகக் கேட்கவில்லை என்று அதை வாசித்த மிங்கஸ் பிறகு ஸ்டூடியோவில் இருந்து தன் பாகத்தை மேலே திரும்பவும் வாசித்துச் சேர்த்தார். ஆகவே உறையில் ஆளும் பொய், 'மே 15' என்ற திகதியும் முக்கால்வாசி உண்மைதான். தட்டு என்னவோ தங்கம்.

ஜாஸ் இசைக்குழுத் தலைவர் டியூக் எலிங்டன் இலங்கைக்கு வந்தாரா?
*வாசகர், அக்கரைப்பற்று*

வந்தார். 1963இல் அமெரிக்க ராஜாங்கத் திணைக்களம் அனுப்பிய நீண்ட பயணத்தில் டமாஸ்கஸ், காபூல், டெல்லி என்று வந்தவர் இலங்கையிலும் வாசித்தார். கென்னடி கொலையோடு அந்தப் பயணம் பாதியில் நின்றது. அதன் நினைவாக 1966 டிசம்பரில் பதிந்த 'ஃபார் ஈஸ்ற் சுயிற்' தட்டில் ஒன்பது உருப்படிகள். டெல்லிக்கு ஒரு மைனா, ஆக்ராவுக்கு ஒன்று, ஜப்பானுக்குக்கூட ஒன்று, அதுவும் ஜப்பானுக்கு அந்தப் பயணத்தில் போகவே இல்லை, அடுத்த வருடம்தான் போனார்கள். இலங்கை பெயரில் ஒன்றுமில்லை. எனக்கு இன்றைக்கும் மனத்தாங்கல்தான்.

ஆனால் பெயரை வைத்து மனம் நோகவும் தேவையில்லை. அதே தட்டில் எலிங்டன் குழுவின் சக்ஸபோன்காரர் ஜொனி ஹொட்ஜஸ் உருகி உருகி ஊதும் 'இஸ்ஃபஹான்' இருக்கிறதே, என் வீட்டில் அதிகம் தேய்ந்த தட்டு அதுதான், எலிங்டனோடு சேர்ந்து இசையமைத்த பில்லி ஸ்ட்ரேஹோர்ன் அதைப் பயணம் புறப்பட முன்னமே எழுதிவிட்டார். அப்போது அதன் பெயர் 'எல்ஃப்'. ஈரான் நகரத்தின் பெயர் பிறகு ஒட்டியது.

புளூ நோட் என்ற ஜாஸ் கம்பனியின் தட்டு ஒன்று விலைக்கு வருகிறது. பழைய அசல் அச்சா என்று எப்படிப் பார்ப்பது?
*வாசகர், கல்முனை*

உறையைப் பார்க்காதீர்கள். நான் உறையைப் பார்த்து மயங்கி, கொழும்பில் ஒரு பழைய சாமான் கடையில் காசைக் கொடுத்து, இரவுக் கோச்சியில் மடியில் வைத்துக்கொண்டு மட்டக்களப்பு வந்து திறந்தால் உள்ளே கன்ட்ரி பாடகர் ஜிம் ரீவ்ஸ். மனிசி இன்றைக்கும் சிரிக்கிறாள்.

பாட்டு முடிந்து லேபல் வரைக்கும் ஒரு வெறும் பட்டை இருக்கும், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். சேகரிப்பவர்கள் 'காது' என்று சொல்லும் ஒரு சுழிந்த கீறல் தெரிய வேண்டும். பிளாஸ்ரிலைற் என்ற அச்சு ஆலையின் ஆங்கில முதலெழுத்து (P) அது. புளூ நோட்டை லிபர்ட்டி கம்பனி வாங்கியபின், 1966க்குப் பிறகு அச்சானவற்றில் அது இல்லை. ஒலிப்பதிவாளர் ரூடி வன் கெல்டரின் பெயரோ அதன் மூன்று முதலெழுத்துகளோ (RVG) இருந்தால் அவர் கையால் வெட்டிய தட்டு என்று அர்த்தம், ஆனால் அது லிபர்ட்டிக் காலத்துப் பிரதியிலும் வரும், அதை மட்டும் நம்பிக் காசைக் கொடுக்க வேண்டாம். (அந்த மனிதர் பகலில் கண் பரிசோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுப்பவர், 1959 வரை பெற்றோர் வீட்டு வரவேற்பறைதான் ஸ்டூடியோ.) காது இருந்தால் பேரம் பேசுங்கள், இல்லாவிட்டால் அரைவிலை கேளுங்கள்.

மாரி முடிந்து பார்த்தால் எல்லாத் தட்டிலும் பூஞ்சணம். சேர்ஜிக்கல் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா?
*வாசகி, ஆரையம்பதி*

பழைய 78 தட்டில் தொடவே வேண்டாம்! அது அரக்கு, ஸ்பிரிட்டில் கரையும். வடித்த தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மெல்லிய துணி, வரியோடு வட்டமாகத் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் நிறுத்திக் காயவிடுங்கள். லேபல் நனையக்கூடாது. கடதாசி உள்ளுறையைத் தூக்கி எறியுங்கள், பூஞ்சணம் குடியிருப்பது அதில்தான்.

நம் ஊர்ப் பாடும்மீன் ஒலியை இலங்கை வானொலி ஒலிபரப்பியதாமே. அதை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?
*வாசகர், மட்டக்களப்பு நகர்*

ஒலிபரப்பியது, 1960களில், லாங் அடிகளார் என்ற பாதிரியாரின் உதவியோடு. 1936இல் பாரிஸில் சார்ல்ஸ் டெலோனே ஜாஸ் தட்டுகளுக்குப் பட்டியல் புத்தகம் போட்ட காலத்திலிருந்தே யார், எங்கே, எப்போது என்று கேட்பதுதான் வழக்கம். எழுதிக்கொள்ளுங்கள். இடம்: கல்லடிப் பாலத்தடி. நேரம்: பூரணை இரவு. வாசித்தவர்கள்: அடையாளம் காணப்படவில்லை.