வாஷிங்டன் என்னும் பெயர் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என்னுடன் பணிபுரியும் அமெரிக்க நண்பரின் குடும்பப் பெயர் வாஷிங்டன். அவர் கறுப்பினத்தவர். ஜார்ஜ் வாஷிங்டனுக்கு அவர் எவ்வகையில் உறவு? அந்தப் பெயர் இங்கிலாந்தில் எங்கே தோன்றியது? அக்குடும்பச் சின்னம்தான் அமெரிக்கக் கொடியாக மாறியதா?

க.

அன்புள்ள க.,

கொடிக் கதையை விட்டுவிடுங்கள். அக்குடும்பம் இங்கிலாந்தில் வாழ்ந்த சல்கிரேவ் மாளிகையின் வாசல் முகப்பில் நட்சத்திரங்களும் பட்டைகளும் கொண்ட சின்னம் செதுக்கப்பட்டிருக்கிறது. பார்த்தவர்கள் மீதியைக் கற்பனை செய்துகொண்டார்கள்.

பெயர் ஓர் ஊரிலிருந்து வந்தது. 12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வில்லியம் த ஹார்ட்பர்ன் என்ற நிலக்கிழார், டர்ஹாம் பகுதியிலிருந்த வாஷிங்டன் என்னும் ஊர் தம் கைக்கு வந்ததும், பழைய ஊரின் பெயரைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிய ஊரின் பெயரைச் சூட்டிக்கொண்டார். அவர் வழியில் வந்த லாரன்ஸ் 1539-இல் நார்தாம்ப்டன்ஷயரின் சல்கிரேவை வாங்கினார். 1650-களில் ஜான் வாஷிங்டன் வர்ஜீனியாவுக்கு வந்து, கப்பல் பொடோமேக் ஆற்றில் தரைதட்டிய பின் அங்கேயே தங்கினார். ஜார்ஜ் அவருடைய கொள்ளுப்பேரன்.

உறவைப் பற்றிய உங்கள் கேள்விதான் எனக்குச் சினமூட்டியது. ஜார்ஜ் வாஷிங்டனுக்குப் பிள்ளைகளே இல்லை. 2000-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அப்பெயர் கொண்டிருந்த சுமார் 1,63,000 அமெரிக்கர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். இத்தனை பேரும் ஒரே இரத்தமா? அடிமையாகப் பிறந்து கறுப்பினக் கல்வியாளராக உயர்ந்த புக்கர் டி. வாஷிங்டனின் தன்வரலாற்றில் ஒரு காட்சி உண்டு. அதைப் பல நாட்களாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட சிறுவன் முதன்முதலாகப் பள்ளியில் உட்கார்ந்திருக்கிறான். ஆசிரியர் வருகைப்பதிவு எடுக்கிறார். மற்ற பிள்ளைகள் அனைவருக்கும் இரண்டு பெயர்கள் இருப்பதைக் கேட்டதும் அவன் திகைக்கிறான். அவனுக்கோ புக்கர் என்ற ஒன்றுதான். தன் முறை வருவதற்குள் ஒரு முடிவுக்கு வந்து, பிறந்தது முதல் அழைக்கப்பட்ட பெயர் போல அமைதியாக "புக்கர் வாஷிங்டன்" என்கிறான்.

நிலக்கிழார் பெயரை மாற்றிக்கொண்டால் அதைக் குடிவரலாறு என்கிறோம். அடிமையாயிருந்தவரின் பிள்ளை ஒரு பெயரைத் தேர்ந்துகொண்டால் மட்டும் உறவுமுறைக்குச் சான்று கேட்கிறோம். நீங்கள் தீய எண்ணத்தோடு கேட்கவில்லை என்பதை அறிவேன். இக்கேள்வியை நண்பரிடமே கேட்காமல் எனக்கு எழுதியதே உங்கள் நல்ல மனத்தைக் காட்டுகிறது.

தாய் தமக்கு டாலியஃபெரோ என்றும் பெயரிட்டிருந்தார் என்பது புக்கருக்குப் பின்னர்தான் தெரியவந்தது. அதை நடுவில் சேர்த்துக்கொண்டார்; வகுப்பறையில் தாம் சொன்னதை மாற்றவில்லை.