400 ஆர்டருக்கு எண்டர்பிரைஸ் பிளாட்ஃபார்ம் தேவையா?

கேள்வி: இயந்திர உதிரி பாகங்களை ஆன்லைனில் சில்லறையாகவும் மொத்தமாகவும் விற்கிறோம். 18,000 பொருட்கள், இரண்டு கிடங்குகள், சுமார் 300 மொத்த வாடிக்கையாளர்கள், நாளுக்கு 400 ஆர்டர். இப்போது இருப்பது சிறு கடைகளுக்கான மாதச் சந்தா பிளாட்ஃபார்ம். அதன் மேல் 23 பிளக்இன் (கூடுதல் வசதிக்கான துணை மென்பொருள்) போட்டிருக்கிறோம். ஸ்டாக் அடிக்கடி தப்பாகக் காட்டுகிறது. எண்டர்பிரைஸ் பிளாட்ஃபார்முக்கு, அதாவது பெரிய நிறுவனங்களுக்கான ஆன்லைன் கடை மென்பொருளுக்கு, மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். அது எப்படி வேலை செய்கிறது? நாங்கள் மாறலாமா?

பதில்: நாளுக்கு 400 ஆர்டர் என்பது ஒரு சுமையே இல்லை. பத்து மணி நேரத்தில் பரவி வந்தால் நிமிடத்துக்கு ஒன்றுகூட வராது. மாதச் சந்தா பிளாட்ஃபார்ம்களே இதைப்போலப் பல மடங்கைத் தாங்கும். அதனால் ஆர்டர் எண்ணிக்கையைக் காட்டி மாறச் சொன்னால் காதில் வாங்காதீர்கள். உங்கள் கேள்வியில் கவலைப்பட வேண்டிய எண்கள் வேறு: அந்த 300 மொத்த வாடிக்கையாளர்களும் 23 பிளக்இன்களும்.

சிறிய பிளாட்ஃபார்மில் பொருள் பட்டியல், விலை, கார்ட், செக்அவுட், ஆர்டர் எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருக்கும். ஒரு பொருளுக்கு ஒரு விலை, ஒரு ஸ்டாக் எண், அவ்வளவுதான். எண்டர்பிரைஸ் பிளாட்ஃபார்மில் இவை தனித்தனி இயந்திரங்கள். வாடிக்கையாளர் பார்க்கும் பட்டியலும் தேடலும் ஒரு தேடல் இண்டெக்ஸிலிருந்து (தேடுவதற்கென்றே தயாரித்து வைத்த நகல்) வரும். மூல டேட்டாபேஸை அது தொடாது. படங்களும் மாறாத பக்கங்களும் சிடிஎன்னிலிருந்து, அதாவது பல ஊர்களில் நகல் வைத்திருக்கும் சர்வர் வலையிலிருந்து, வரும். விலையைக் கணக்கிட ஒரு என்ஜின், எந்தக் கிடங்கிலிருந்து எதை அனுப்புவது என்று முடிவெடுக்க ஓர் ஆர்டர் மேலாண்மைப் பகுதி, கணக்கும் கொள்முதலும் நடக்கும் நிறுவன மென்பொருளான ஈஆர்பியோடு பேச ஓர் இணைப்பு அடுக்கு. வாங்குபவர் கண்ணுக்கு இரண்டு கடைகளும் ஒன்றுபோலவே தெரியும். பணம் போவது பின்னால் இருக்கும் இந்தப் பிரிவினைக்குத்தான்.

விலையை எடுத்துக்கொள்வோம். மொத்த வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் தனி விலைப்பட்டியல் வைத்தால் 18,000 பெருக்கல் 300, அதாவது 54 லட்சம் வரிகள். அடிப்படை விலை இரண்டு சதவீதம் ஏறினால் அத்தனையையும் திருத்தி மறுபடி இண்டெக்ஸ் செய்ய வேண்டும். பிளக்இன்கள் மூச்சுத் திணறுவது இங்கேதான். விலை என்ஜின் வரிகளை அடுக்கி வைக்காமல் விதிகளை வைத்திருக்கும்: அடிப்படை விலை, வாடிக்கையாளர் குழுவின் தள்ளுபடி, தனி ஒப்பந்த விலை, 50 எடுத்தால் இவ்வளவு 200 எடுத்தால் இவ்வளவு என்ற அளவுப் படிகள், எந்தத் தேதிவரை செல்லும் என்பது. இவற்றில் எது எதை மீறும் என்ற வரிசையும் அதிலேயே இருக்கும். வாடிக்கையாளர் லாகின் செய்ததும் அவருக்கான விலை கணக்கிடப்படும்.

இந்த இடத்தில் பலரும் ஒரு தவறான வடிவமைப்பில் விழுகிறார்கள். சரியான விலை ஈஆர்பியில்தானே இருக்கிறது என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் அங்கிருந்தே கேட்டு வாங்குவது. பட்டியல் பக்கத்தில் 48 பொருள் இருந்தால் 48 விலைக்கும் ஈஆர்பி பதில் சொல்ல வேண்டும். பக்கம் மந்தமாகும்; ஈஆர்பியைப் பராமரிப்புக்கு நிறுத்தினால் கடையும் சேர்ந்து நின்றுவிடும். பட்டியலுக்கு விலையின் நகல் போதும். கார்ட்டில் ஒரு முறை, பணம் கட்டும் முன் ஒரு முறை மட்டும் ஈஆர்பியிடம் சரிபார்த்தால் போதும்.

அடுத்து ஸ்டாக். உங்கள் தலைவலி பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. காலை 10:00 மணிக்கு ஈஆர்பி ஒரு பொருளின் இருப்பு 10 என்று எழுதி ஒரு ஃபைலை உருவாக்குகிறது. 10:02க்கு ஆன்லைனில் 4 விற்கிறது. கடை 6 என்று காட்டுகிறது. 10:03க்கு அந்த ஃபைல் கடைக்கு வந்து சேர்ந்து, 6ஐ அழித்துவிட்டு 10 என்று எழுதுகிறது. விற்றுப்போன நான்கும் திரும்ப உயிர்பெற்றுவிட்டன. யாரும் தப்பு செய்யவில்லை, எந்த லாகிலும் பிழை பதிவாகவில்லை, ஆனால் மாலையில் ஒருவருக்கு ‘மன்னிக்கவும், சரக்கு இல்லை’ என்று போன் போடுவீர்கள்.

எந்தப் பிளாட்ஃபார்முக்கு மாறினாலும் இதே ஃபைலை இதே மாதிரி ஏற்றினால் இதே கூத்து நடக்கும். தீர்வு, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரே ஓர் உரிமையாளரை வைப்பது. கிடங்கில் உண்மையில் இருக்கும் சரக்கின் எண்ணிக்கை ஈஆர்பிக்கோ கிடங்கு மென்பொருளுக்கோ சொந்தம். ஆர்டருக்காக ஒதுக்கிய எண்ணிக்கை ஆர்டர் பக்கத்துக்குச் சொந்தம். கடை காட்ட வேண்டியது இவற்றின் கழித்தல்: கையிருப்பில் ஒதுக்கியதையும் பாதுகாப்பு இருப்பையும் (அவசரத்துக்கு விற்காமல் வைக்கும் சரக்கு) கழித்தால் மிஞ்சுவதே விற்கக் கிடைப்பது. ஈஆர்பி அனுப்பும் ஒவ்வொரு எண்ணிலும் அது எடுக்கப்பட்ட நேரம் இருக்க வேண்டும். ஈஆர்பி இன்னும் ஏற்றுக்கொள்ளாத ஆர்டர்களின் ஒதுக்கீட்டை, அது ஏற்றுக்கொண்டேன் என்று சொல்லும்வரை விடுவிக்கக் கூடாது. மொத்த விற்பனைப் பிரிவினர் ஈஆர்பியிலேயே நேரடியாக ஆர்டர் போடுகிறார்கள் என்றால், அந்த ஒதுக்கீடும் உடனுக்குடன் கடைக்கு வந்தாக வேண்டும்.

எப்போது ஒதுக்குவது என்பதும் ஒரு முடிவு. கார்ட்டில் போட்டவுடனே ஒதுக்கினால் வாங்காமல் போகிறவர்கள் சரக்கை முடக்கிவிடுவார்கள். பணம் கட்டிய பிறகு ஒதுக்கினால் கடைசி ஒன்றை இரண்டு பேர் வாங்கிவிடுவார்கள். செக்அவுட்டின் பணம் கட்டும் படிக்கு வந்ததும் 10 அல்லது 15 நிமிடத்துக்கு ஒதுக்கி, நேரம் முடிந்தால் தானாக விடுவிப்பது நடைமுறையில் ஒத்துவரும்.

பணம் கட்டும் இடத்தில் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். பணம் போய்விட்டது, ஆர்டர் வரவில்லை என்ற புகார் வந்தால், வாடிக்கையாளரின் பிரவுசர் திரும்பி வந்தால்தான் ஆர்டரை உறுதிசெய்யும்படி உங்கள் கடை எழுதப்பட்டிருக்கலாம். இடையில் போன் அணைந்தால் ஆர்டர் அந்தரத்தில் நிற்கும். பணத்தை வாங்கித்தரும் பேமென்ட் கேட்வே நேராக உங்கள் சர்வருக்கு அனுப்பும் தானியங்கிச் செய்தியை (வெப்ஹூக்) நம்பித்தான் உறுதிசெய்ய வேண்டும். கேட்வே ஒரே செய்தியைச் சில நேரம் இரண்டு முறை அனுப்பும். பேமென்ட் எண்ணைத் தனித்த சாவியாக வைத்தால், அதாவது ஓர் எண்ணுக்கு ஓர் ஆர்டர்தான் என்று வைத்தால், இரட்டை ஆர்டர் விழாது.

பிளக்இன்களின் ஆபத்து வேகத்தோடு முடிவதில்லை. அவற்றில் சில பணம் கட்டும் பக்கத்திலும் தங்கள் ஸ்கிரிப்டை ஓட்டும். கார்டு பாதுகாப்புக்கான பிசிஐ டிஎஸ்எஸ் தரத்தின் நான்காம் பதிப்பு, பேமென்ட் பக்கத்தில் ஓடும் ஸ்கிரிப்ட்களுக்குப் பட்டியலும் காரணமும் வைத்திருக்கச் சொல்கிறது. அவை மாற்றப்பட்டால் கண்டுபிடிக்கவும் வழி கேட்கிறது. 2025 மார்ச் 31 முதல் இவை அமலில் உள்ளன. கார்டு விவரம் வாங்குவதை முழுக்கக் கேட்வேயின் பக்கத்துக்கே அனுப்பிவிட்டால் உங்கள் பொறுப்பு வெகுவாகக் குறையும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? சந்தையில் இருப்பவற்றைத் தோராயமாக மூன்றாகப் பிரிக்கலாம். சேல்ஸ்ஃபோர்ஸ் காமர்ஸ் கிளவுட், ஷாப்பிஃபை பிளஸ் போன்றவற்றில் சர்வரும் அப்டேட்டும் அவர்கள் பொறுப்பு. அவர்கள் விட்ட இடத்தில்தான் நீங்கள் கை வைக்கலாம். அடோபி காமர்ஸ், எஸ்ஏபி காமர்ஸ் போன்றவற்றில் உள்ளே எதையும் மாற்றலாம். மாற்றியதை எல்லாம் ஒவ்வொரு அப்டேட்டிலும் நீங்களே காப்பாற்ற வேண்டும். காமர்ஸ்டூல்ஸ் போன்றவை வெறும் ஏபிஐக்கள், அதாவது மற்ற மென்பொருள்கள் கூப்பிட்டுப் பயன்படுத்தும் இணைப்புகள். முகப்பு, தேடல், பக்க உள்ளடக்கம் எல்லாவற்றையும் வேறு இடத்திலிருந்து கொண்டுவந்து கோக்க வேண்டும். நிரந்தரமான டெவலப்பர் குழு இல்லாதவர்கள் மூன்றாவது வகைப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. கேட்க அழகாக இருக்கும். ராத்திரி ஏதாவது அறுந்தால் எந்தக் கம்பெனிக்குப் போன் போடுவது என்றே தெரியாது.

இந்தத் துறையில் கை மாறுவது சகஜம். மேலே சொன்ன மூன்று பிளாட்ஃபார்ம்கள் முன்பு வேறு பெயர்களில் இருந்தவை. ஹைப்ரிஸை 2013இல் எஸ்ஏபியும், டிமாண்ட்வேரை 2016இல் சேல்ஸ்ஃபோர்ஸும், மஜெண்டோவை 2018இல் அடோபியும் வாங்கின. மஜெண்டோவின் முதல் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜூனில் நின்றபோது, அடுத்த பதிப்பின் கட்டமைப்பே வேறு என்பதால் பழைய தீம்களும் எக்ஸ்டென்ஷன்களும் உதவவில்லை. கடைகளைக் கிட்டத்தட்டப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. எனவே ஒப்பந்தத்துக்கு முன்பே இரண்டைக் கேளுங்கள்: இந்தப் பதிப்புக்கு ஆதரவு எதுவரை, வெளியேறினால் எங்கள் டேட்டா எந்த வடிவத்தில் கிடைக்கும். விற்பனைத் தொகையில் ஒரு பங்கைக் கட்டணமாகக் கேட்டால், ரத்தானவையும் ரிட்டர்ன் ஆனவையும் அந்தத் தொகையில் சேருமா என்றும் கேளுங்கள். 99.9 சதவீதம் இயங்கும் என்ற உறுதிமொழியில் மாதத்துக்கு 43 நிமிடம் கடை மூடிக்கிடக்க இடமுண்டு. அறிவித்துச் செய்யும் பராமரிப்பு பெரும்பாலும் அதற்கு வெளியே.

டெமோவை நம்ப வேண்டாம். டெமோவில் எல்லாக் கடையும் அழகுதான். உங்கள் ஆர்டர்களிலேயே மோசமான ஒன்றைக் கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்: ஒப்பந்த விலையுள்ள மொத்த வாடிக்கையாளர், ஆறு பொருள், இரண்டு கிடங்கிலிருந்து இரண்டு பார்சல், ஒரு பொருள் பின்னால் வரும், கடன் வரம்பு தாண்டுவதால் மேலாளர் ஒப்புதல் வேண்டும், பிறகு அதில் ஒரே ஒரு பொருள் மட்டும் ரிட்டர்ன். இதைத் தனி நிரல் எழுதாமல் எவ்வளவு தூரம் கொண்டுபோகிறார்களோ, அவ்வளவுதான் அந்த பிளாட்ஃபார்ம் உங்களுக்குப் பொருந்துகிறது. மீதி எல்லாம் நீங்கள் காசு கொடுத்து எழுத வைக்கும் வேலை. அந்தச் செலவு லைசென்ஸ் கட்டணத்தையே தாண்டிப் போவதுண்டு.

முடிவெடுக்கும் முன் இரண்டு வாரம் ஒரு வேலை செய்யுங்கள். ஆள் கை வைத்துத் திருத்த வேண்டிவந்த ஆர்டர் ஒவ்வொன்றையும் காரணத்தோடு ஒரு ஷீட்டில் குறியுங்கள். ஸ்டாக் காரணங்களே அதிகம் என்றால் ஈஆர்பி இணைப்பை மேலே சொன்னபடி திருத்தி எழுதுங்கள்; பிளாட்ஃபார்மை மாற்ற வேண்டாம். விலைத் திருத்தம், கடன் வரம்பு, ஒப்புதல், ஒரே நிறுவனத்தில் பல பேர் ஆர்டர் போடுவது என்று மொத்த விற்பனைச் சிக்கல்கள் பாதிக்கு மேல் இருந்தால் மாறுவதில் அர்த்தம் உண்டு. உங்கள் விவரங்களைப் பார்த்தால் இரண்டாவதும் கொஞ்சம் இருக்கும் என்றே தோன்றுகிறது. இருந்தாலும் ஸ்டாக் இணைப்பை முதலில் திருத்துங்கள். அந்த வேலை புதுப் பிளாட்ஃபார்மிலும் வீண் போகாது.

மாறுவதென்றே முடிவானால், அதிக விற்பனை நடக்கும் பருவத்துக்கு முந்தைய இரண்டு மாதங்களைத் தொடாதீர்கள். சில்லறைக் கடையைப் பழையதிலேயே விட்டுவிட்டு, மொத்த வாடிக்கையாளர்களில் 20 பேரை முதலில் புதியதுக்கு நகர்த்துங்கள். பழைய பக்க முகவரிகள் ஒவ்வொன்றுக்கும் புதிய முகவரிக்கு 301 ரீடைரக்ட் (நிரந்தரமாகத் திருப்பிவிடும் ஏற்பாடு) இல்லையென்றால் கூகுளிலிருந்து வருகிறவர்கள் காலிப் பக்கத்தில் போய் விழுவார்கள். பாஸ்வேர்டுகள் ஹாஷ் வடிவில்தான், அதாவது திரும்பப் படிக்க முடியாதபடி மாற்றியே, இருக்கும். புதிய பிளாட்ஃபார்முக்கு அந்த முறை தெரியாவிட்டால் எல்லாரும் புது பாஸ்வேர்டு போட வேண்டியிருக்கும், அதை முன்கூட்டியே மெயிலில் சொல்லிவிடுங்கள். சேமித்த கார்டுகள் உங்களிடம் இல்லை, கேட்வேயிடம் டோக்கனாக (கார்டு எண்ணுக்குப் பதிலான குறியீடு) இருக்கின்றன. கேட்வேயும் மாறுகிறது என்றால் இரு கேட்வேக்களும் தங்களுக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்குத் தனியாக நாள் ஒதுக்குங்கள். பழைய கடையில் வாங்கியவற்றுக்கு ரீஃபண்ட் பழைய கேட்வே கணக்கு வழியாகத்தான் போகும். கடைசி ரிட்டர்ன் காலம் முடியும்வரை அந்தக் கணக்கை மூடாமல் வைத்திருங்கள்.