முழங்கால் வலிக்கு லேசர் வைத்தால் குறையுமா? 10 சிட்டிங்குக்கு 12,000 ரூபாய் கேட்கிறார்கள், கட்டலாமா?

உங்கள் அம்மாவுக்கோ மாமியாருக்கோ கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். சொந்த முழங்காலாக இருந்தால் வலி தாங்காமல் இந்நேரம் பணத்தைக் கட்டிவிட்டு வந்திருப்பீர்கள்.

நான் டாக்டர் இல்லை. ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறவன். "உனக்கென்ன தெரியும்" என்று வரப்போகிறவர்கள் இந்த இடத்திலேயே திரும்பிவிடலாம். ஆனால் இந்த லேசர் லைட்டை எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு வைத்தாகிவிட்டது. ஒருவருக்கு உருப்படியாக, இன்னொருவருக்கு ஏமாந்து.

முதலில் அப்பா. நாற்பது வருடம் புகையிலை போட்டவர், நாக்கின் இடது ஓரத்தில் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து 33 நாள் ரேடியேஷன் என்றார்கள். ரேடியேஷனில் வலியே தெரியாது, ஆனால் இரண்டாவது மூன்றாவது வாரத்தில் வாய் முழுக்க வெந்துபோய் எச்சில் விழுங்கவே கண்ணீர் வரும் என்று பக்கத்துக் கட்டில்காரர் முன்கூட்டியே பயமுறுத்திவிட்டார். அந்த மருத்துவமனையில் முதல் நாளிலிருந்தே ரேடியேஷனுக்கு முன்னால் பல் பிரிவுக்கு அனுப்பினார்கள். பேனா மாதிரி ஒரு கருவி, அதன் நுனியில் சிவப்பு வெளிச்சம், அதற்கு ஒரு பிளாஸ்டிக் உறை. கன்னத்தின் உள்பக்கம், உதட்டின் உள்பக்கம், வலது பக்க நாக்கு என்று புள்ளி புள்ளியாக வைத்து, ஒவ்வொரு இடத்திலும் 'பீப்' சத்தம் வரும்வரை அந்தப் பெண் அசையவே மாட்டார். கட்டி இருந்த பக்கம் மட்டும் போகவில்லை. அங்கே வைக்கக் கூடாதாம். அப்பாவுக்கும் கறுப்புக் கண்ணாடி, அவருக்கும் கறுப்புக் கண்ணாடி. "சூடும் இல்ல, சுருக்குன்னும் இல்ல, இதுக்குப் போயி கண்ணாடி எதுக்கு?" என்று அப்பா தினமும் கேட்பார். வெட்டுகிற, சுடுகிற லேசர் வேறு, இது சுடாது. ஆனால் கண்ணுக்கு இதுவும் ஆகாது.

புண் வராமல் இருந்ததா என்றால், வந்தது. ஆனால் கடைசி வாரம்வரை குழைந்த ரசம் சாதம் இறங்கியது, மூக்கு வழியாக டியூப் போடவில்லை. லைட்டால்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். இந்தப் புண்ணைத் தடுக்க இதைப் பரிந்துரைக்கும் சர்வதேச வழிகாட்டுதல்களே இருக்கின்றன, பிரிட்டனில் சிகிச்சைகளை ஆராய்ந்து பரிந்துரை சொல்லும் நைஸ் அமைப்பும் 2018-இல் இதற்கு ஒப்புதல் கொடுத்திருக்கிறது என்பதையெல்லாம் அப்புறம்தான் படித்தேன்.

அந்த நம்பிக்கையில்தான் அம்மாவை இரண்டு வருடம் கழித்து இங்கே ஒரு தனியார் கிளினிக்குக் கூட்டிப்போனேன். முழங்கால் தேய்மானம். 10 சிட்டிங், பணம் முன்கூட்டியே. அங்கே இருந்த பையன் ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் அம்மாவின் சேலைக்கு மேலேயே, கோலப்பொடி தூவுகிற மாதிரி, மூட்டைச் சுற்றி ஒரு சுற்று சுற்றினான். இரண்டு நிமிடம் இருக்கும். கண்ணாடி கிடையாது. "தம்பி, ஒரு இடத்துக்கு எத்தனை ஜூல் போகுது?" என்றேன். "அதெல்லாம் மெஷினே பாத்துக்கும் சார்."

மெஷின் பார்க்காது. நான் கணக்குப்பிள்ளை, கணக்கு சொல்கிறேன். வாட்டை விநாடியால் பெருக்கினால் ஜூல், அதாவது உள்ளே போகும் ஒளிச் சக்தியின் அளவு. 100 மில்லிவாட் கருவியை ஒரே இடத்தில் 40 விநாடி வைத்தால் 4 ஜூல். லேசர் சிகிச்சைக்கான உலக சங்கத்தின் பரிந்துரையில், முழங்காலுக்கு 780 முதல் 860 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளி என்றால் ஒரு புள்ளிக்குக் குறைந்தபட்சமே அதுதான். தினமும் என்றால் இரண்டு வாரம், ஒருநாள் விட்டு ஒருநாள் என்றால் மூன்று நான்கு வாரம். குறைந்தால் வேலை செய்யாது, எக்கச்சக்கமாகப் போனாலும் பலன் போய்விடும். செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா இந்த ஒளியை வாங்கிக்கொண்டு சக்தியைக் கூட்டி உற்பத்தி செய்கிறது என்பதுதான் பெரும்பாலோர் சொல்லும் விளக்கம். துணிக்கு மேலே வைத்தால் பாதி ஒளி சேலைக்குத்தான் வைத்தியம் பார்க்கும்.

இதெல்லாம் சும்மா டுபாக்கூர் என்று ஒரு கூட்டம் வரும். அவர்களுக்கு: 1967-இல் புடாபெஸ்டில் மெஸ்டர் என்ற டாக்டர், லேசரால் புற்றுநோய் வருமா என்று பார்க்க எலிகளின் முதுகைச் சிரைத்து ஒளி காட்டினார். நோய் வரவில்லை, முடிதான் சீக்கிரம் முளைத்தது. ஆரம்பமே அப்படித்தான். கழுத்து வலிக்கு 16 சோதனைகளைத் தொகுத்து 2009-இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது, பலன் இருக்கிறது என்று. முழங்காலுக்கு 2019-இல் 22 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில், சரியான அளவு கொடுத்த இடங்களில் வலி குறைந்திருக்கிறது, பரிந்துரைத்த அளவு கொடுக்காத இடங்களில் பெரிதாக ஒன்றும் இல்லை. அந்தக் கிளினிக் பையன் இரண்டாவது கட்சி.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த மூட்டுவலி கிளினிக் இரண்டாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. மூட்டு வலிக்காரர்கள் கைப்பிடியைப் பிடித்து, ஒரு படிக்கு இரண்டு காலும் வைத்து ஏறி, வலியைக் கூட்டிக்கொண்டு போய் வைத்தியம் பார்க்க வேண்டும். பேங்க் கேட்டாலும் மாடி, பல் டாக்டர் கேட்டாலும் மாடி. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, நல்ல விஷயம்தான், ஆனால் அந்த முதல் படி எங்கள் அம்மாவின் இடுப்பு உயரத்தில் இருக்கிறது. 68 வயது ஆள் அதில் எப்படி ஏறும் என்று யாராவது ஒருநாள் ஏறிப் பார்த்திருப்பார்களா?

சரி, உங்கள் விஷயம். பணம் கட்டுவதற்கு முன் என்ன அலைநீளம், எத்தனை மில்லிவாட், ஒரு புள்ளிக்கு எத்தனை ஜூல் என்று மூன்றும் கேளுங்கள். பதில் இருந்தால் இரண்டு மூன்று சிட்டிங்குக்கு மட்டும் கட்டுங்கள். வெறும் லைட்டை மட்டும் வைத்துவிட்டு உடற்பயிற்சி சொல்லித்தராத இடம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். நாங்கள் நாலாவது சிட்டிங்கோடு நிறுத்திவிட்டு அரசு மருத்துவமனை பிசியோதெரபிக்குப் போனோம். துண்டைச் சுருட்டி முழங்காலுக்குக் கீழே வைத்து, அதை அழுத்தி ஐந்து எண்ணச் சொன்னார்கள். அவ்வளவுதான், காசு இல்லை. ஒன்றரை மாதத்தில் அம்மா ரேஷன் கடைக்கு நடந்து போனார்.

மீதி ஆறு சிட்டிங் பணம் திரும்பி வரவில்லை. அந்தக் கிளினிக்கிலிருந்து ஒரு பெண் மட்டும் மாதம் ஒருமுறை போன் செய்து, பேலன்ஸ் சிட்டிங் இருக்கிறதே என்கிறாள். அம்மாதான் எடுத்துப் பேசுவார்: "லிஃப்ட் போட்டுட்டீங்களா கண்ணு?"