பூட்டியின் வெள்ளிக்கிழமை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அம்மம்மாவுக்கு 84 வயது. அவரின் தாய்வழி சைவம். தகப்பன்வழி வேதத்தில், அதாவது கிறிஸ்தவத்தில், சேர்ந்தவர்கள். கடவுள், நம்பிக்கை என்று பேச்செடுத்தாலே எங்கள் வீட்டில் சண்டை. வம்சாவளி தேடுவதைச் சாட்டாக வைத்து அவரோடு மனம்விட்டுப் பேசலாமா?
– மானிப்பாய் வாசகி

பதில்: பேசலாம், ஆனால் ‘சாட்டு’ வேண்டாம். பெயர் கேட்க வந்தவள் போதிக்க வந்திருக்கிறாள் என்று கண்டுபிடிக்க அம்மம்மாவுக்கு ஐந்து நிமிடம் போதும். “பேரும் எழுத வேணும், அவை எதை நம்பி வாழ்ந்தவை எண்டும் அறிய ஆசை” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஒரு தாளில் 15 கட்டம் கீறுங்கள்: நீங்கள், பெற்றோர் இருவர், பாட்டன் பாட்டிமார் நால்வர், பூட்டன் பூட்டிமார் எண்மர். தெரிந்ததைப் பென்சிலால் நிரப்பி, வெறுமையாகக் கிடக்கும் கட்டங்களோடு தாளை அவரிடம் கொடுங்கள். எல்லாம் நிரப்பிய தாளைப் பார்த்தால் “சரி பிள்ளை” என்று திருப்பித் தந்துவிடுவார். போகுமுன் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களையும், இறந்தவருக்கு 31ஆம் நாள் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு அச்சிட்ட கல்வெட்டுகளையும் (நினைவுப் புத்தகங்கள்) சேர்த்துக்கொள்ளுங்கள். பாட்டனார் இலங்கையில் பிறந்தவரானால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம் எழுதும் கூடு பிறப்புப் பத்திரத்திலேயே உண்டு. பலர் அதைப் பார்ப்பதேயில்லை.

இனிக் கேள்விகள். ‘என்ன நம்பினா?’ என்று கேட்டால் “எல்லாரையும் போலத்தான்” என்ற பதில்தான் வரும். செய்ததைக் கேளுங்கள். “வெள்ளிக்கிழமையில உங்கட அம்மா என்ன சமைக்கிறவா?” “மச்சச் சட்டியும் மரக்கறிச் சட்டியும் வேற வேறயா இருந்ததோ?” “கோயில் திருவிழாவில எத்தினையாம் நாள் எங்கட உபயம்?” “உங்கட ஐயா செத்த வீட்டில தேவாரம் பாடினவையோ, பாட்டுப் புத்தகம் எடுத்தவையோ?” வேதக்காரரின் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த சைவப் பெண் வெள்ளிக்கிழமைக்கென்று தனிச்சட்டி வைத்திருந்தாளா என்பதற்குள் ஒரு முழு வாழ்க்கை இருக்கிறது. அங்கேயிருந்து, “அதில எதை நீங்கள் இப்பவும் செய்யிறியள், எதை விட்டிட்டியள்?” என்று கேட்டால் நீங்கள் தேடி வந்த பேச்சு தானாக வந்துவிடும்.

கெடுவது பெரும்பாலும் ‘ஏன் மாறினவை?’ என்ற கேள்வியால்தான். அதற்குப் பின்னால் காணி, பள்ளிக்கூட உத்தியோகம், சாதி, ஒரு கல்யாணம், உண்மையான நம்பிக்கை என எதுவும் இருக்கலாம்; கேட்கிற தொனியோ குற்றம் சாட்டுகிறது. அவர் பேசாமலிருந்தால் நீங்களும் பேசாமலிருங்கள். “நீ என்ன நினைக்கிறாய்?” என்று அவர் திருப்பிக் கேட்டால் இரண்டு வசனத்தில் உள்ளதைச் சொல்லி நிறுத்துங்கள், மூன்றாவது வசனம் பிரசங்கம். ஒரு தடவைக்கு நாற்பது நிமிடம் போதும். ஒலிப்பதிவு செய்வதானால் அவரிடம் கேட்டுவிட்டு, மின்விசிறிக்குத் தூரமாக, மடித்த துணியின் மேல் தொலைபேசியை வையுங்கள். மேசையில் நேரே வைத்தால் தேநீர்க் கோப்பை வைக்கும் சத்தம்கூட இடிபோல விழும்.

கேள்வி: திருநீறு பூசிய என் பூட்டனுக்கு ஆங்கிலப் பெயர் இருந்திருக்கிறது. அவர் கிறிஸ்தவரா?
– சாவகச்சேரி வாசகர்

பதில்: பெயரை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அமெரிக்க மிசனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். அவர்களின் உயர்பள்ளியான வட்டுக்கோட்டைச் செமினரி 1823இல் தொடங்கியது. மாணவரின் செலவை ஏற்ற அமெரிக்கக் கொடையாளரின் விருப்பப்படி அவர்களுக்குப் பெயர் வைப்பது அங்கே வழக்கம். கலித்தொகையைப் பதிப்பித்த தாமோதரம்பிள்ளைக்கும் கிங்ஸ்பெரி என்ற பெயர் இருந்தது. பின்னர் அவர் சைவத்துக்குத் திரும்பினார். இன்னும் முந்திய ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்தில் (1658–1795) ஞானஸ்நானம் பலருக்கு விவாகப் பதிவுக்கும் முதுசொத்துக்குமான வழியாகவே இருந்தது. ஆகவே பள்ளிப் பெயர், ஞானஸ்நானப் பதிவு, விவாகப் பதிவு, இறுதிக் கிரியை நான்கையும் தனித்தனியே எழுதி ஒப்பிடுங்கள். கத்தோலிக்கரானால் ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் விவாகக் குறிப்பும் இருக்கலாம். ஓரத்தையும் படியெடுக்கக் கேளுங்கள்.

கேள்வி: கல்வெட்டில் இறந்த நாளைச் சொல்லும் திதி வெண்பாவில் ‘துன்மதி, தை’ என்றிருக்கிறது. எந்த ஆண்டு?
– காரைநகர் வாசகர்

பதில்: 1922 அல்லது 1982. தமிழ் ஆண்டுப் பெயர் 60 ஆண்டுக்கொரு முறை திரும்பும். துன்மதி 1921 சித்திரையிலும் 1981 சித்திரையிலும் பிறந்தது. தை மாதம் அடுத்த ஆங்கில ஆண்டுக்குள் விழும். இங்கேதான் பலருக்கு ஓராண்டு பிசகுகிறது. பேரப்பிள்ளைகளின் வயதைப் பார்த்து இரண்டில் ஒன்றைத் தள்ளுங்கள்.

கேள்வி: பமிலிசேர்ச் (FamilySearch) என்ற வம்சாவளி இணையத்தளத்தில் குடும்ப மரம் போடலாமா? அது ஒரு சபையுடையது என்கிறார்கள்.
– நல்லூர் வாசகி

பதில்: ஆம், பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையுடையது, இலவசம். உயிரோடிருப்பவரின் விபரம் மற்றவருக்குத் தெரியாது, இறந்தவரின் பக்கம் எல்லாருக்கும் திறந்தது, பிறர் திருத்தவும் முடியும். அச்சபையார் தம் முன்னோருக்காக, அவர்களின் இடத்தில் நின்று ஞானஸ்நானம் பெறுகிறார்கள். இறந்தவர் அதை ஏற்கவோ மறுக்கவோ செய்யலாம் என்பது அவர்களின் நம்பிக்கை. கடந்த 110 ஆண்டுகளுக்குள் பிறந்தவரானால் மிக நெருங்கிய உறவினரின் சம்மதம் வேண்டும் என்பது அவர்களே வைத்த விதி. இதை மாமி, சித்தப்பாமாரிடம் பெயர் ஏற்றுமுன் சொல்லுங்கள். ஏற்றியபின் தெரியவந்தால் அடுத்த கல்வெட்டை உங்களுக்குக் காட்டமாட்டார்கள். விரும்பாதவர்களின் கட்டங்கள் அந்தப் பென்சில் தாளிலேயே இருக்கட்டும்.