மகன் கராஜுக்குத்தான் போவேன் என்கிறான்: திருகோணமலைத் தாய் ஒருவருக்குப் பதில்

அம்மா, “சாதாரண தரத்தில் கணிதத்துக்கு பி எடுத்த பிள்ளை கிறீஸும் கையுமாக நிற்கப் போகிறானே” என்று கேட்டீர்கள். பதில் சொல்ல முதல் மகனோடு அரைமணி நேரம் தனியே கதைத்தேன். அவன் சொன்ன ஒரு விஷயம் உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

நிலாவெளிக்கு ஓடும் உங்கள் தம்பியின் டொயோட்டா டொல்ஃபின் வானில், கிளச்சை விடும்போதும் அக்சலரேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போதும் பின்பக்கம் ‘டங்’ என்று ஒரு அடி கேட்டிருக்கிறது. பார்த்த பாஸ், “டிஃப் முடிஞ்சுது, பழையது ஒன்று வாங்கிப் போடுவம்” என்றாராம். டிஃப் என்றால் டிஃபரன்ஷியல்: பின்சில்லுகளுக்கு நடுவே இருந்து அவற்றைச் சுழற்றும் கியர்க் கூடு. மகன் அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, கீழே படுத்து, கியர்பொக்ஸிலிருந்து டிஃப்புக்குப் போகும் புரொப்பலர் ஷாஃப்டைக் கையால் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்திருக்கிறான். கியரில் விட்டிருந்தால் கியர்பொக்ஸ் ஷாஃப்டைப் பிடித்துக்கொள்ளும், டிஃப்பின் ஆட்டம், அதாவது பற்களுக்கு நடுவே உள்ள தளர்வு, முழுதாகத் தெரியாது. அது அவனுக்கு விளங்கியிருக்கிறது. முதலில் ஷாஃப்டின் மூட்டான குரொஸ் ஜொயின்டைப் பார்த்தான். அதன் இரண்டு பக்கமும் சேர்ந்தே அசைந்தன, அங்கே பிழையில்லை. பிறகு டிஃப் வாசலில் ஷாஃப்ட் பூட்டும் தட்டான பிளேஞ்சிலும் டிஃப்பின் கூட்டிலும் நேருக்கு நேர் சோக்கால் கோடு போட்டுத் திருப்பினான். கோடுகள் விலகின. ஆகவே ஆட்டம் டிஃப்புக்குள்தான்.

வானை ஜக்கில் மட்டும் தூக்கிவிட்டுக் கீழே போனதற்கு நன்றாக ஏசினேன். ஸ்டாண்ட் வைக்காமல், முன்சில்லுகளுக்குக் கட்டை கொடுக்காமல் இனி ஒருநாளும் போகக்கூடாது. நீங்களும் சொல்லுங்கள்.

பிறகு கேட்டேன்: “ஆட்டம் இருக்குது சரி. அது கூடுதல் என்று எப்படிச் சொல்வாய்?” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “தெரியாது சேர்” என்றான். அந்தப் பதிலைக் கேட்டபோதுதான் இந்தப் பிள்ளை இந்தத் தொழிலுக்குப் போகலாம் என்று முடிவெடுத்தேன்.

டிஃப்பில் ஆட்டமே இல்லாமல் இருக்கக்கூடாது. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே ஓயில் நிற்க வேண்டும், சூட்டில் இரும்பு விரிய இடம் வேண்டும். பல டொயோட்டா வண்டிகளில் டிஃப்புக்குள் உள்ள பெரிய பல்சில்லான கிரவுன் வீலுக்கும் அதைச் சுழற்றும் சிறிய பல்சில்லான பினியனுக்கும் இடையே அந்த இடைவெளி 0.13 முதல் 0.18 மில்லிமீற்றர். கையால் தட்டிப் பார்த்து அதைப் பிடிக்க முடியாது. டிஃப்பைக் கழற்றி, பினியனை அசையாமல் பிடித்து, கிரவுன் வீலின் பல்லில் நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜை வைத்து, சுற்றிவர நாலைந்து இடத்தில் அளக்க வேண்டும். அத்தோடு, பிளேஞ்சில் தெரிகிற ஆட்டம் ஒரே இடத்து ஆட்டமும் அல்ல. கிரவுன்–பினியன், உள்ளேயிருக்கும் சிறு கியர்கள், சில்லுக்குப் போகும் எக்சில் தண்டின் பற்கள் எல்லாவற்றின் தேய்மானமும் அதில் சேர்ந்திருக்கும். சிறு கியர்களின் வொஷர் தேய்ந்திருந்தால் செலவு கொஞ்சம். கிரவுன் வீலும் பினியனும் போனால் இரண்டையும் சோடியாகவே மாற்ற வேண்டும். பிளேஞ்ச் மேலும் கீழும் ஆடினால் பினியன் பெயாரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். அந்த ‘டங்’ சத்தத்தை மட்டும் வைத்து எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அளக்காமல் டிஃப்பையே மாற்றச் சொன்னால் காசு போவது உங்கள் தம்பிக்கு.

“எங்கே” என்பதை மகன் தானாகவே கண்டுபிடித்துவிட்டான். “எவ்வளவு” என்பதை யாராவது படிப்பித்தால்தான் வரும். கராஜில் மட்டும் நின்றால் பாஸின் கைப்பழக்கம் வரும், அளவு வராது என்பதுதான் என் பயம். அதனால் அவனைத் தடுக்காதீர்கள். ஆனால் கராஜுக்கு மட்டும் அனுப்பிவிட்டு இருந்துவிடவும் வேண்டாம்.

திருகோணமலை தொழில்நுட்பக் கல்லூரியிலும் தொழிற்பயிற்சி அதிகாரசபையிலும் மோட்டார் வாகனப் பாடநெறிக்கு எப்போது விண்ணப்பம் எடுக்கிறார்கள் என்று இந்த வாரமே போய்க் கேளுங்கள். தூரம் போக விருப்பமென்றால் கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறந்த இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் இருக்கிறது. என்.வி.கியூ என்ற தேசிய தொழிற்தகைமையில் 4ஆம் மட்டம் எடுத்தால் தேர்ந்த தொழிலாளி. 5, 6 டிப்ளோமா. 7 பட்டத்துக்குச் சமம். ஆகவே உயர்தரத்தை விட்டால் படிப்பே முடிந்தது என்று நினைக்க வேண்டாம். கராஜில் ஏற்கெனவே வேலை செய்கிறவர்களுக்கும் அனுபவத்தை மதிப்பிட்டு என்.வி.கியூ கொடுக்கும் முறை உண்டு. ஆங்கிலத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்: வாகனக் கைநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கிடைக்கும், அளவுகள் அதற்குள்தான் இருக்கின்றன.

கரண்ட் கார் வந்தால் இந்த வேலை இருக்குமா என்று அவனுடைய அப்பா கேட்டாராம். வழமையான கரண்ட் காரிலும் மோட்டருக்கும் சில்லுக்கும் நடுவே கியரும் டிஃப்பும் இருக்கின்றன. வளைவில் இரண்டு சில்லும் வேறு வேறு வேகத்தில் சுழலத்தானே வேண்டும். அவன் மின்சாரத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டிவரும், அவ்வளவுதான்.

வருகிற கிழமை மகனோடு வாருங்கள். பெறுபேற்றுத் தாளையும், டிஃப்பின் படம் கீறி வைத்திருக்கும் அந்தக் கொப்பியையும் கொண்டுவரச் சொல்லுங்கள். விண்ணப்பத்தை என் மேசையிலேயே இருந்து நிரப்புவோம்.